மூவாயிரம் ரூபாய்ப் பொதி

டிசம்பர் பௌர்ணமியோடு சிவனொளிபாதமலைப் பருவகாலம் தொடங்கியதும் மலையடிவார ஊரான நல்லதண்ணியின் முகமே மாறிவிடும். ஹட்டனிலிருந்து நோர்வூட், மஸ்கெலியா வழியாக இரவிரவாக பஸ்கள் வரும். வீதியோரக் கடைகளில் கம்பளித் தொப்பிகளும் கையுறைகளும் தொங்கும். நத்தார் அந்த மாதத்தில். பொங்கல் அடுத்த மாதத்தில். புதிய வகுப்பும் அதையொட்டியே வருகிறது. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அன்பளிப்புப் பொதி கட்ட நினைப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான காலம் வாய்க்காது. கட்டுபவரின் நல்ல மனத்தைப் பாராட்டி அத்தோடு நிறுத்திவிடுவது நம் வழக்கம். ஆனால் ஒரு சிறுகதையை அதை எழுதியவரின் நல்லெண்ணத்தைக் கொண்டு நாம் மதிப்பிடுவதில்லை. பொதிக்கும் உள்ளடக்கம், கட்டமைப்பு, எய்திய பயன் என்ற மூன்றும் உண்டு. அவற்றைக் கொண்டே அதை எடைபோடலாம்.

இத்துறையில் மிகப் பெரிய முன்மாதிரி, சப்பாத்துப் பெட்டியில் பரிசுகளை நிரப்பித் தொலைநாட்டுப் பிள்ளைகளுக்கு அனுப்பும் முறை. 1990இல் வேல்ஸில் ருமேனியக் குழந்தைகளுக்காகத் தொடங்கிய இந்த முயற்சியை 1993இல் சமாரிட்டன்ஸ் பர்ஸ் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவ அமைப்பு தன்பால் எடுத்துக்கொண்டது. அதன் முறையில் கற்கத்தக்கவை பல. பிள்ளைகளை 2–4, 5–9, 10–14 என்று வயதால் பிரித்து, ஆண், பெண் எனவும் வகுத்துப் பெட்டி கட்டுகிறார்கள். முதலில் பிள்ளையை வியக்க வைக்கும் ஒரு பொருள் — பந்தும் காற்றடிக்கும் பம்பும், அல்லது ஒரு பொம்மை. மற்றவை அதைச் சுற்றி அமைகின்றன. மையம் உள்ள படைப்புக்கே ஒருங்கிசைவு கிட்டும் என்பதை இந்த உத்தி அறிந்திருக்கிறது. இனிப்பு, பற்பசை, நீர்மப் பொருட்கள், பயன்படுத்திய பண்டங்கள், போர் விளையாட்டுப் பொருட்கள் ஆகியவற்றை விலக்கும் அதன் கண்டிப்பும் மதிக்கத்தக்கது.

குறைகளும் அதே அளவுக்குத் தெளிவானவை. பெட்டியோடு பல நாடுகளில் 12 பாடங்கள் கொண்ட மதபோதனைத் திட்டம் ஒன்றும் வருகிறது. பரிசு ஒரு எதிர்பார்ப்போடு பிணைந்துவிடும்போது அதன் வடிவமே உடைகிறது. எந்த மதத்தின் பெயரால் கொடுத்தாலும் இது பொருந்தும். அடுத்தது செலவு. ஒரு பெட்டியை அனுப்பி வைக்க 10 டொலர் கேட்கிறார்கள். 2025இன் நாணய மதிப்பில் அது ஏறக்குறைய 3,000 ரூபாய். பாடசாலைச் சப்பாத்துக்காக இலங்கை அரசு 2024இல் 250க்குக் குறைந்த மாணவர்களைக் கொண்ட பாடசாலைகளுக்கு வழங்கிய வவுச்சரின் உச்சப் பெறுமதியும் அதே 3,000 ரூபாய்தான். அதே ஆண்டு செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. ஆக, அந்தச் சம்பளத்தில் பெட்டியின் போக்குவரத்துக்கு மட்டும் ஒரு தாய் இரண்டு நாளுக்கு மேல் கொழுந்து பறிக்க வேண்டியிருந்தது. இந்தக் கணக்கைப் போட்டபின் தொலைவிலிருந்து பெட்டி அனுப்பும் முறையை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

சரி, பொருட்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் பொதி சிறக்குமா? தமிழக அரசின் 2022 பொங்கல் பரிசுத் தொகுப்பு இதற்கு விடை சொல்லும். அரிசி, வெல்லம், முந்திரி தொடங்கி மிளகு, சீரகம் வரை 21 பொருட்கள். ஒரு வீட்டின் பொங்கலுக்கும் சமையலுக்கும் வேண்டியதை ஒரே பையில் சேர்த்த கருத்தாக்கம் முழுமையானது. நிறைவேற்றம் அதற்கு ஈடாகவில்லை. வெல்லம் உட்படப் பல பொருட்களின் தரம் பற்றிப் புகார்கள் எழுந்தன. 2023இல் பச்சரிசி, சர்க்கரை, ஒரு முழுக்கரும்பு, ஆயிரம் ரூபாய் என்று அரசு சுருக்கிக்கொண்டது. பெரிய அரசாலேயே 21 பொருட்களின் தரத்தையும் ஒருசேரக் காக்க முடியவில்லை. கையில் 3,000 ரூபாய் வைத்திருப்பவர் பத்துப் பதினைந்து பொருட்களால் பெட்டியை நிரப்பப் போனால், தேய்த்தால் தாளைக் கிழிக்கும் அழிறப்பரும் கூராக்கும்போதே முறியும் பென்சிலுமே மிஞ்சும்.

அப்படியென்றால் பணமாகவே கொடுத்துவிடலாமே என்ற வாதம் வலுவானது. வீட்டின் தேவையை வீட்டாரைவிட யார் அறிவார்? போக்குவரத்து இல்லை, வீணாவதும் இல்லை. உணவுக்கும் மருந்துக்கும் இந்த வாதத்தை முழுமையாக ஏற்கிறேன். பிள்ளைக்கான பரிசு என்று வரும்போது தோட்டத்தின் பொருளாதாரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. லயத்துப் பிள்ளைக்குத் தீபாவளிப் புதுச்சட்டை பெரும்பாலும் எதிலிருந்து வருகிறது? தீபாவளி முற்பணத்திலிருந்து. முற்பணம் பிறகு மாதாமாதம் சம்பளத்தில் கழிக்கப்படும். பண்டிகை மகிழ்ச்சியே கடனாக வந்து, பல மாதச் சம்பளத் துண்டுகளில் கழிவாகத் தெரியும் ஒரு வாழ்க்கை இது. அங்கே கையில் வரும் பணம் முதலில் பழைய கடனை நோக்கித்தான் போகும். அதில் தவறு காண நமக்கு உரிமையில்லை. எங்கும் கழிக்கப்படாத, தனக்கென்றே வந்த ஒரு பொருளைப் பிள்ளை கையில் வாங்குவதற்கு அங்கே தனிப் பெறுமதி உண்டு. பொதி என்ற வடிவத்தை நான் கைவிடாததற்குக் காரணம் இதுவே.

இனி உள்ளடக்கம். இலவசப் பாடநூல் 1980 முதலும் சீருடைத் துணி 1993 முதலும் அரசிடமிருந்து கிடைக்கின்றன. 2025க்கான சீருடைத் துணி முழுவதும் சீனாவின் நன்கொடை. நல்ல பொதி இந்த வரிசையை அறிந்து, அதன் இடைவெளியில் அமையும். துணி கிடைக்கிறது, தையற்கூலி கிடைப்பதில்லை. ஆகவே மஸ்கெலியாவில் ஒரு தையற்காரரிடம் கூலியை முன்கூட்டியே கட்டிவிடுவது, இன்னொரு வெள்ளைச் சட்டை வாங்கித் தருவதைவிட நுட்பமான பரிசு. மழை ஓயாத இந்த மலையில் கொழுந்து எடுக்கும் தாய்க்குப் படங்காவது உண்டு. பாடசாலைக்கு நடக்கும் பிள்ளைக்குக் கம்பி வளையாத குடையும் நீர் புகாத புத்தகப்பையும் வேண்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் புலமைப்பரிசில் பரீட்சையின் கடந்தகால வினாத்தாள் தொகுப்பு. கதைப்புத்தகம் வைத்தால் தமிழில் வையுங்கள். தமிழில் படிக்கும் பிள்ளைக்கு வழுவழுப்பான ஆங்கிலப் படப்புத்தகம் கட்டுபவரின் ரசனையைத்தான் காட்டும்.

தேவைகளால் மட்டும் நிரம்பிய பொதி நிவாரணமாகிவிடும். சப்பாத்துப் பெட்டிக்காரர்கள் சரியாகப் பிடித்த இடம் இது. நானும் பந்தை விடமாட்டேன். லயத்து வாசலில் அடித்த பந்து தேயிலைச் செடிகளுக்குள் உருண்டோடும் நிலம் இது. ஒன்றுக்கு இரண்டு பந்து வையுங்கள்.

சப்பாத்துப் பெட்டியின் வயது வகுப்பில்தான் பெரிய குறை. 14 வயதோடு பெட்டி நின்றுவிடுகிறது. இலங்கையில் கட்டாயக் கல்வி 16 வயது வரை. சாதாரணதரப் பரீட்சையை நெருங்கி, படிப்பா வேலையா என்று வீடு யோசிக்கும் அந்த 15, 16 வயதுக்காரரைப் பரிசின் இலக்கணம் பிள்ளையாகவே கருதுவதில்லை. நல்ல கணிதக் கருவிப் பெட்டி, எழுதித் தீராத அளவுக்குக் கொப்பிகள், பெண்பிள்ளைக்கு வெளித்தெரியாமல் பொதிந்த சானிட்டரி நப்கின் — இவை பளபளக்காத பொருட்கள், ஆனால் அவர்களுக்கு வேண்டியவை. பொதி வழங்கும்போது போடும் மேடை, ஒலிபெருக்கி, வரிசையில் நிறுத்தி எடுக்கும் படம் ஆகியவற்றைப் பற்றி ஒரு வரி போதும்: படம் எடுத்தால் அதுவரை சேர்ந்த மதிப்பெண் முழுவதையும் கழிக்கிறேன்.

என் தீர்ப்பு இது. தொலைவிலிருந்து அனுப்பும் பெட்டி முறையில் தேர்ந்தது, பயனில் தோற்றது. பல பொருள் தொகுப்பு கருத்தில் நிறைந்தது, தரத்தில் மெலிந்தது. பணம் நேர்மையானது, ஆனால் பிள்ளையின் கையை எட்டாது. மூவாயிரம் ரூபாயில் பாதியை ஒரே நல்ல பொருளுக்கும், மீதியை இரண்டு மூன்று துணைப்பொருட்களுக்கும் ஒரு விளையாட்டுக்கும் ஒதுக்கி, ஹட்டனிலோ மஸ்கெலியாவிலோ வாங்கிக் கட்டும் பொதியே தேறுகிறது. சப்பாத்து அளவு பிழைத்தால் அங்கே மாற்றிக்கொள்ளலாம். இவ்வாண்டு பொதி கட்ட இருப்பவர்கள் கடைக்குப் போகுமுன் பாடசாலை அதிபரோடு பேசுங்கள். அந்தப் பாடசாலைக்கு இம்முறை சப்பாத்து வவுச்சர் வந்ததா என்று கேளுங்கள். வராவிட்டால் வகுப்புவாரியாகப் பிள்ளைகளின் கால் அளவை எழுதி வாங்குங்கள்.