வழக்குக்கு அரசர், வட்டிக்குக் கடனாளி

எட்மண்ட் பர்க் 1785 பிப்ரவரி 28 அன்று பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி ஆற்றிய உரையை ஆங்கில உரைநடையின் பெரிய சாதனைகளில் ஒன்று என்பார்கள். சரிதான். ஆனால் திருவானைக்காவலில் உட்கார்ந்து அதைப் படிக்கும்போது எனக்கு ஒன்று உறுத்துகிறது. இத்தனை நீண்ட உரையில் நவாபின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது, நவாப் என்கிற ஆளைத்தான் காணோம்.

ஆள் யார்? முகமது அலி வாலாஜா. சேப்பாக்கத்துக்கு மேட்ச் பார்க்கப் போனவர்களுக்கு வாலாஜா சாலை தெரியும், அந்த வாலாஜா. அப்பா அன்வருதீன் கான் 1749 ஆகஸ்டில் ஆம்பூர்ச் சண்டையில் செத்துப்போனார். ஆற்காடு சந்தா சாகிபின் கைக்குப் போனது. பதவியும் அப்பாவும் போன மகன் தப்பி வந்து ஒண்டிக்கொண்ட இடம் திருச்சிக் கோட்டை. முற்றுகை நீண்டு, 1752இல் ஆட்டம் திரும்பியது. சந்தா சாகிபுக்குத் துணையாக வந்த பிரெஞ்சுத் தளபதி ஜாக் லா காவிரியைத் தாண்டித் தீவுக்குள் பின்வாங்கினார். அவர் படை எங்கள் ஜம்புகேஸ்வரர் கோயிலிலும், சந்தா சாகிபின் ஆட்கள் ஸ்ரீரங்கம் கோயிலிலும் அடைந்து கிடந்தார்கள். ஜூனில் லா சரணடைந்தார். தஞ்சைத் தளபதியை நம்பிப் போன சந்தா சாகிபின் தலை போயிற்று.

பள்ளிப் புத்தகம் இதை கிளைவின் கதையாகச் சொல்லி முடித்துவிடும். நவாபின் கதையாகச் சொல்கிற நூல் ஒன்று உண்டு: அவர் அவையைச் சேர்ந்த புர்ஹான் இப்னு ஹசன் பாரசீகத்தில் எழுதிய 'துசக்-இ-வாலாஜாஹி'. எஸ். முகமது ஹுசைன் நயினார் அதை ஆங்கிலத்தில் பெயர்க்க, சென்னைப் பல்கலைக்கழகம் 1934 முதல் வெளியிட்டது. அதில் திருச்சிக்குப் பெயர் நத்தர் நகர். வெற்றி நவாபுடையது, ஆங்கிலேயர் உதவிக்கு வந்த நண்பர்கள். அரசவை நூல் வேறு எப்படி இருக்கும்? 1761இல் புதுச்சேரி விழுவதோடு அது நின்றுவிடுகிறது. கடன் பூதமாக வளர்ந்த கதை அதற்குப் பின்னால்தான் வருகிறது, பர்க்கின் உரையில். ஒரு நூலில் நவாப் முழு அரசர். இன்னொன்றில் வெறும் நிழல். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் அந்த மனிதர் தட்டுப்படுகிறார்.

கடன் வேலை செய்த விதம் எளிது. போர்ச் செலவுக்காக நவாப் கம்பெனிக்குப் பாக்கி. அந்தப் பாக்கியைக் கட்ட, கம்பெனி ஊழியர்களிடமே தனிப்பட்ட முறையில் கடன் வாங்கினார். வட்டி 20, 25 சதவீதம். அடகு, ஜில்லாக்களின் நிலவரி. இந்த வரிசையில் முன்னால் நின்றவர் பால் பென்ஃபீல்ட். சென்னைக்கு வந்தபோது அவர் இன்ஜினியர். எங்கள் இனம்தான் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. 1773இல் நவாப் கம்பெனிப் படையோடு போய்த் தஞ்சையைப் பிடித்து, துளஜா ராஜாவைப் பதவியிலிருந்து இறக்கினார். 1776இல் கவர்னர் பிகாட் ராஜாவைத் திரும்ப உட்கார வைத்ததும், தஞ்சை விளைச்சலின் மேல் எனக்கு 72,000 பவுண்டு உரிமை இருக்கிறது என்று பென்ஃபீல்ட் கிளம்பினார். சண்டை முற்றி, கவர்னரையே கவுன்சில்காரர்கள் கைது செய்தார்கள். 1777இல் காவலிலேயே அவர் இறந்தார்.

1784இல் லண்டனில் இருந்த கட்டுப்பாட்டு வாரியம், எது நிஜக் கடன், எது பொய்க்கடன் என்று விசாரிக்காமலே மொத்தத்தையும் ஒப்புக்கொண்டது. ஆண்டுக்கு 12 லட்சம் வராகன் அதற்கு ஒதுக்கீடு. பர்க் வெடித்தது இதற்குத்தான். இந்தியாவுக்கே வராத அந்த மனிதர் நம் ஏரி குளங்களைப் பற்றிப் பேசும் பகுதியை நான் பலமுறை படித்திருக்கிறேன். ஏரிக்குப் போகவேண்டிய பணம் கடன்காரன் பைக்குப் போனால் நாடு என்ன ஆகும் என்பதைக் காவிரிக்கரைக்காரன் போலவே புரிந்து பேசுகிறார். அரசராக நவாப் எப்போதோ முடிந்துபோனார், கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு மட்டும் அவரை அரசராக உயிரோடு வைத்திருக்கிறார்கள் என்பதையும் அவர்தான் முதலில் உரக்கச் சொன்னார்.

குறை எங்கே? நிழலுக்குக் கை கிடையாது. இந்த நவாபுக்கு இருந்தது. திருச்சி முற்றுகையில் உதவி கேட்டு மைசூர்க்காரர்களுக்கு இதே திருச்சியை எழுதிக் கொடுத்தவர், ஜெயித்தபின் தரமாட்டேன் என்றவர். லண்டனில் தனக்காகப் பேச ஏஜென்டு வைத்தவர். தஞ்சையின் மேல் அவருக்கு இருந்த ஆசையும் யாரும் ஊட்டியதல்ல. பர்க்கின் நெருங்கிய உறவினர் வில்லியம் பர்க் தஞ்சை ராஜாவின் ஏஜென்டாக இருந்தார் என்பதையும் மறக்கக்கூடாது. உரை நடுநிலையான இடத்திலிருந்து வரவில்லை.

பர்க் சொன்னதன் மறுபாதி எட்டு வருஷம் கழித்து நீதிமன்றத்தில் அரங்கேறியது. ஒப்பந்தப்படி கணக்குக் காட்டு என்று கம்பெனி மேல் நவாப் லண்டன் சான்சரி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருந்தார். எங்களுக்கு அரசதிகாரம் உண்டு, எங்களை விசாரிக்க முடியாது என்று கம்பெனி எழுப்பிய வாதம் 1791இல் எடுபடவில்லை. ஆனால் 1793இல் வழக்கே தள்ளுபடி. காரணம்: இது இரண்டு அரசுகளுக்கு நடுவிலான உடன்படிக்கை மாதிரி, சாதாரண நீதிமன்றம் இதில் தலையிட முடியாது. 1763 பாரிஸ் உடன்படிக்கை அவரைச் சட்டப்படியான நவாப் என்று பெயர் சொல்லி ஏற்றிருந்தது. அந்தக் கௌரவம் வழக்கு மன்றத்தில் அவருக்கு எதிராகவே வேலை செய்தது. வட்டி கட்டும்போது கடனாளி, நியாயம் கேட்கும்போது அரசர். மைசூருக்குக் கொடுத்த வாக்கை மீறியவருக்கு இதன் கசப்பு நன்றாகவே புரிந்திருக்கும்.

1795இல் இறந்தவரைத் திருச்சியில்தான் அடக்கம் செய்தார்கள். அவர் மகன் 1801இல் இறந்ததும் திப்புவோடு ரகசியக் கடிதப் போக்குவரத்து என்ற குற்றச்சாட்டு எழுந்தது. எந்த நீதிமன்றத்திலும் விசாரணை நடக்கவில்லை. நிபந்தனைகளுக்கு ஒப்பாத பேரன் அலி ஹுசைனை ஒதுக்கிவிட்டு, ஒப்புக்கொண்ட உறவினர் ஒருவரைப் பெயருக்கு நவாபாக்கி, கர்நாடகத்தைக் கம்பெனியே எடுத்துக்கொண்டது.

கடன்காரர்களுக்கு மட்டும் விசாரணை கிடைத்தது. 1805இல் ஒரு கமிஷன் உட்கார்ந்து, 1830 வரை கணக்குப் பார்த்தது. வந்த கோரிக்கைகள் 3 கோடி பவுண்டுக்கு மேல். செல்லும் என்று ஏற்றது 27 லட்சத்துக்கும் குறைவு. பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பர்க் கத்தியது சரிதான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆனால் அந்தக் கமிஷன் முன்னால் மனுப் போட முடியாதவர்கள் இருந்தார்கள். அந்தப் பத்திரங்களின் பேரில் விளைச்சலைப் பறிகொடுத்த உழவர்கள். அவர்களுக்காகப் பேசியதால்தான் பர்க்கை இன்னும் படிக்கிறோம். அவர்களில் ஒருவர் எழுதிய ஒரு வரியும் இந்த இரண்டு நூல்களிலும் இல்லை என்பதைப் படிக்கும்போது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். செல்லும் என்று ஏற்றுக்கொண்ட கடனையும் கர்நாடக வருவாயிலிருந்துதான் தீர்த்தார்கள். அதாவது, அவர்கள் கட்டிய வரியிலிருந்து.