பேணியின் பின்பக்கத்தை வாசியுங்கள்: பால் ஒவ்வாத பிள்ளைக்கு எந்த மா?

பசுப்பால் புரதம் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு மா வாங்கப் போகிறவர்கள் பேணியின் முன்பக்கத்துப் படத்தையும் பெயரையும் நம்பி வாங்கிவிட வேண்டாம். பேணியைத் திருப்பி, உள்ளே இருக்கும் புரதம் எதிலிருந்து வந்தது, எவ்வளவு தூரம் உடைக்கப்பட்டிருக்கிறது என்று தேடுங்கள். விலை, கம்பனி, எந்த நாட்டுச் சாமான் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். எங்கள் வீட்டுப் பிள்ளைக்காக வாங்கியவை, வெளிநாட்டு உறவுகள் கொண்டுவந்தவை, மற்ற வீடுகளில் கலக்கக் கண்டவை என்று பல வகைகளையும் கரைத்து, மணந்து, நாக்கில் வைத்துப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன். எந்தப் பிள்ளைக்கு எது என்ற முடிவு குழந்தை வைத்திய நிபுணருடையது. அவர் முன்னால் இருக்கும்போது என்ன கேட்க வேண்டும் என்பதற்கு இது உதவும்.

முதலில் வருத்தம் அதுதானா என்று தெரிய வேண்டும். பால் குடித்து இரண்டு மணித்தியாலத்துக்குள், பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே, உதடு வீங்கி, உடம்பில் தடிப்புக் கிளம்பி, சத்தி எடுத்தால் அது உடனடி வகை. மூச்சு இழுத்தால் ஒரு கணமும் தாமதிக்காமல் வைத்தியசாலைக்கு ஓட வேண்டும். மெதுவாக வரும் வகை வேறு. மலத்தில் சளியும் இரத்தமும், ஆறாத சிரங்கு, ஏறாத நிறை என்று அது மணித்தியாலங்கள் கழித்தோ இரண்டு மூன்று நாள் கழித்தோ தலைகாட்டும். எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்தில் இதற்கு ‘மாந்தம்’, ‘கிரந்தி’ என்று பெயர் வைத்து, எண்ணெய் பூசுவதிலும் குடிநீர் அவித்துக் கொடுப்பதிலும் வாரங்கள் போய்விடுகின்றன.

மறுபக்கத்தில், அழுகிற பிள்ளைக்கெல்லாம் ஒவ்வாமை என்று சொல்லிவிடும் போக்கும் வளர்ந்திருக்கிறது. ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் பிறந்த பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து, சந்தேகப்பட்டவர்களுக்குப் பால் கொடுத்துச் சோதித்த யூரோபிரிவால் ஆய்வில், இந்த ஒவ்வாமை நூற்றுக்கு 0.54 பேருக்குத்தான் உறுதியானது. ஆனால் இங்கிலாந்தில் 2006க்கும் 2016க்கும் இடையில் இந்தச் சிறப்பு மாக்களுக்கான மருந்துச்சீட்டுகள் ஏறத்தாழ ஆறு மடங்காகின என்று பிரித்தானிய மருத்துவ இதழ் 2018இல் எழுதியது. வருத்தம் அத்தனை மடங்கு பெருகியதற்குச் சான்று இல்லை. ஆகவே இரண்டு முதல் நான்கு வாரம் பாலை முற்றாக நிறுத்தி, குணம் தெரிந்த பின் வைத்தியரின் கண்காணிப்பில் திரும்பக் கொடுத்துப் பார்க்கும் சோதனையைத் தவிர்க்க வேண்டாம். பிள்ளை சுகமாகிவிட்டதே, ஏன் கிளறுவது என்று பெற்றோர் தயங்குவது எனக்குப் புரிகிறது. அந்தச் சோதனை நடக்காவிட்டால், தேவையே இல்லாத ஒரு விலையுயர்ந்த மாவை ஒரு வருடம் வாங்கிக்கொண்டிருக்கவும் நேரலாம்.

தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்குப் பெரும்பாலும் மாவே தேவைப்படாது. தாய் தன் சாப்பாட்டிலிருந்து பசுப்பாலை நீக்கினால் போதும். இலங்கையில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 82 பேர் தாய்ப்பால் மட்டுமே குடிக்கிறார்கள் என்று 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வு காட்டியது. யாழ்ப்பாணத்துச் சமையல் இந்த விடயத்தில் தாய்க்குப் பெரிய உதவி. சொதியும் கறியும் தேங்காய்ப்பாலில் ஆகின்றன. பிள்ளை பெற்றவளுக்கு வைக்கும் சரக்குக் கறியிலும் பால்சுறா வறையிலும் பசுப்பால் சேர்வதில்லை. விட வேண்டியவை பால்தேத்தண்ணி, தயிர், மோர், நெய், பட்டர், பால் சேர்ந்த பிஸ்கட். பலரும் தவறவிடுவது திரிபோஷா. கிளினிக்கில் தாய்மாருக்கு இலவசமாகக் கிடைக்கும் அந்தச் சத்துமாவில் சோளம், சோயாவோடு பால்மாவும் இருக்கிறது. பாலை நிறுத்திவிட்டோம், இன்னும் பிள்ளைக்கு மாறவில்லையே என்று சொல்லும் வீடுகளில் முதலில் அந்தப் பொதியைப் பாருங்கள். தாய்க்குக் கல்சியமும் விற்றமின் டி-யும் தனியாக வேண்டும். அதைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

இனி மா வகைகள். தாய்ப்பால் போதாத அல்லது கிடைக்காத பிள்ளைக்கு வைத்தியர்கள் பொதுவாக முதலில் எழுதுவது முற்றாக உடைத்த புரத மா. பேணியில் ‘எக்ஸ்டென்சிவ்லி ஹைட்ரோலைஸ்ட்’ என்று இருக்கும். நியூட்ராமிஜன், அலிமென்டம், ஆப்டமில் பெப்டி, ஆல்தெரா ஆகியவை இந்த இனம். இதில் நியூட்ராமிஜன் 1942இலேயே சந்தைக்கு வந்தது. பசுப்பாலில் உள்ள கேசீனையோ வே புரதத்தையோ நொதியத்தால் சிறு துண்டுகளாக வெட்டி விடுகிறார்கள். துண்டு சிறுத்துவிட்டால் பிள்ளையின் உடம்பு அதைப் பால் என்று அடையாளம் காண்பதில்லை. ஒவ்வாமை உறுதியான பிள்ளைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேராவது தாங்கிக்கொள்கிற மாவுக்கே இந்தப் பெயர் பொருந்தும்.

மூடியைத் திறந்தவுடன் வீடே மணக்கும். அவித்த உருளைக்கிழங்கை மூடிவைத்து அடுத்தநாள் திறந்தது போன்ற மணம். கேசீனை உடைத்துச் செய்தவை நல்ல கைப்பு, பின்னால் ஒரு புளிப்பு. வே புரதத்திலிருந்து வந்தவற்றில் கைப்புக் குறைவு. அவற்றில் சிலவற்றில் பால் சர்க்கரையான லக்ரோசும் இருப்பதால் லேசான இனிப்பும் உண்டு. சாதாரண மாப்பாலை விட நீர்த்தாற்போல இருக்கும், குலுக்கினால் நுரை தள்ளும். நுரை அடங்கும்வரை வைத்திருந்து கொடுப்பது நல்லது. மூன்று, நான்கு மாதத்துக்கு முன் இதைப் பழகிய பிள்ளைகள் முகம் சுளிக்காமல் குடிக்கிறார்கள். அதற்குப் பிறகு தொடங்கினால் போத்தலைத் தட்டிவிடும் போராட்டம்தான். மலம் கடும் பச்சையாகவும் இளக்கமாகவும் போகும். அம்மம்மா பயந்து மாவை நிறுத்தச் சொல்லுவா. அந்தப் பச்சை இந்த மாவுக்கு வழமையானது என்று அவவுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இரத்தம் தெரிந்தால்தான் வைத்தியரிடம் போக வேண்டும்.

இதையும் தாங்காத பிள்ளைகள், உயிராபத்து வரை போன ஒவ்வாமை உள்ளவர்கள், நிறை மிகக் குறைந்தவர்கள் ஆகியோருக்கு அமினோ அமில மா. நியோகேட், எலிகேர், ஆல்ஃபமினோ இந்த வகை. புரதத் துண்டு என்று எதுவும் இதில் இல்லை. கட்டமைக்கும் கற்களையே தனித்தனியாகச் சேர்த்திருக்கிறார்கள். கரைவது சுலபம், கைப்பும் சற்றுக் குறைவு. விலைதான் குடும்பத்தை உலுக்கும். விலை கூடியதே நல்லது என்று நினைத்து இதிலிருந்து தொடங்குவதில் பொருள் இல்லை.

அரிசிப் புரதத்தை உடைத்துச் செய்த மா ஒன்றும் இருக்கிறது. ஐரோப்பியக் குழந்தைக் குடல்நோய் வல்லுநர் சங்கம் தன் புதிய வழிகாட்டலில் இதையும் முதல் தெரிவுக்கு மாற்றாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. சுவையில் எல்லாவற்றையும் விட இதமானது. வீட்டில் கரைக்கும் அரிசிக் கஞ்சியை இதனோடு குழப்ப வேண்டாம். ஆறு மாதத்துக்கு முன் கஞ்சியையோ தேங்காய்ப்பாலையோ போத்தலில் விட்டுக் கொடுத்தால் பிள்ளை சத்துக் குறைந்து போகும். சோயா மா விலை குறைவு, சுவை நன்று. ஆறு மாதத்துக்கு முன் அது வேண்டாம் என்பது ஐரோப்பிய வைத்தியர்களின் நிலைப்பாடு. மெதுவாக வரும் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளில் கணிசமானோருக்குச் சோயாவும் ஒத்துவருவதில்லை.

வாங்கவே கூடாதவை மூன்று. ‘எச்ஏ’ என்று போட்டிருக்கும் பாதி உடைத்த மா முதலாவது. அதில் மீந்திருக்கும் பெரிய துண்டுகளே ஒவ்வாமையைக் கிளப்பப் போதும். லக்ரோஸ் நீக்கிய மா இரண்டாவது. லக்ரோஸ் சர்க்கரை, ஒவ்வாமை புரதத்துக்கு. சர்க்கரையை எடுத்துவிட்டுப் புரதத்தை அப்படியே கொடுப்பதில் இந்தப் பிள்ளைக்கு எந்தப் பயனும் இல்லை. மூன்றாவது ஆட்டுப்பாலும் ஆட்டுப்பால் மாவும். வேலிக்கொரு ஆடு கட்டும் ஊரில் இதைச் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. ஆட்டுப்பால் குளிர்ச்சி, பிள்ளைக்கு ஒத்துப்போகும் என்பது பெரியவர்களின் உறுதியான நம்பிக்கை. ஆனால் இரண்டு பாலின் புரதங்களும் அவ்வளவு நெருங்கியவை. பசுப்பால் ஒவ்வாதவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோருக்கு ஆட்டுப்பாலும் ஒவ்வாது.

எந்த மா என்பதைப் போலவே எந்தத் தண்ணீர் என்பதும் குடாநாட்டில் பெரிய கேள்வி. எங்கள் சுண்ணாம்புக்கல் நிலம் மேலே விழுவதை எல்லாம் கீழே இறக்கிவிடும். வலிகாமத்து வெங்காயத் தோட்டங்களில் இடும் உரமும், கிணற்றுக்குக் கிட்ட வெட்டிய மலக்குழியும் நைத்திரேற்றாகக் கிணற்றில் சேர்கின்றன. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டிய கிணறுகள் எங்கள் தோட்டப் பகுதிகளில் உண்டு. நைத்திரேற்று கூடிய தண்ணீரில் மா கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்கும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று சாகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். முதல் பேணி வாங்கும் முன்பே பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு உங்கள் கிணற்று நீரைச் சோதிப்பியுங்கள். உவர் நீர் உள்ள தீவுப்பகுதி வீடுகளுக்கு இது இன்னும் முக்கியம்.

மா கிருமியற்றது அல்ல. கொதித்து ஆறிய நீர் 70 பாகைக்குக் குறையுமுன் மாவைச் சேர்க்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கொதித்த நீரை அரை மணித்தியாலத்துக்கு மேல் ஆறவிடாவிட்டால் அந்தச் சூடு இருக்கும். பிறகு போத்தலைக் குளிர்நீரில் பிடித்து, மணிக்கட்டில் விட்டுப் பார்த்துக் கொடுக்க வேண்டும். நல்ல பக்டீரியா சேர்த்த மாக்களில் ஆறிய நீரையே பாவிக்கச் சொல்லி எழுதியிருப்பார்கள், சூட்டில் அவை செத்துவிடும் என்பதால். மாதம் குறைந்து பிறந்த பிள்ளைக்கும் இரண்டு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கும் அந்த முரணை வைத்தியரிடம் கேட்டுத் தீர்த்துக்கொள்ளுங்கள். கலக்கி இரண்டு மணித்தியாலத்துக்குள் குடியாதது ஊற்றப்பட வேண்டியது. விலை நினைவுக்கு வந்து மனம் பதறும், ஊற்றத்தான் வேண்டும்.

இந்த மாக்கள் எங்கள் கடைகளில் எப்போதும் அடுக்கி இருப்பவை அல்ல. மருந்தகத்தில் சொல்லிவைத்து, கொழும்பிலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும். 2006 ஆகஸ்டில் குடாநாட்டுக்கு வரும் ஏ9 வீதி மூடப்பட்ட பின் பால்மாவுக்காக அலைந்தவர்களுக்கும், 2022 பொருளாதார நெருக்கடியில் வரிசையில் நின்றவர்களுக்கும் இந்தக் காத்திருப்பின் பாரம் தெரியும். ஆகவே லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் உறவுகளிடம் சொல்லி எடுப்பிக்கிறோம். அதில் கவனிக்க வேண்டியது கரண்டி. பிரித்தானியப் பேணிகளில் பொதுவாக ஒரு கரண்டிக்கு 30 மில்லிலீற்றர் தண்ணீர், அமெரிக்கப் பேணிகளில் பெரும்பாலும் 60. ஒரு பேணியின் கரண்டியை இன்னொன்றில் போட்டால் பிள்ளைக்குப் பாதி மாவோ இரட்டை மாவோ போய்ச் சேரும். விலை கூட என்று கரண்டியைக் குறைத்துக் கரைப்பதும் அதே ஆபத்து. நிறை இறங்குவதோடு உப்புச் சமநிலை கெட்டு வலிப்பும் வரலாம்.

பேணியின் தொகுதி இலக்கத்தையும் எழுதி வையுங்கள். 2022 பெப்ரவரியில் அமெரிக்காவின் ஸ்டேர்ஜிஸ் தொழிற்சாலையில் செய்த அலிமென்டம், எலிகேர் மாக்களை அபொட் நிறுவனம் திரும்பப் பெற்றது. 2023 டிசம்பர் இறுதியில் நியூட்ராமிஜனின் சில தொகுதிகளும் திரும்பப் பெறப்பட்டன. இரண்டிலும் குரோனோபக்டர் கிருமி பற்றிய அச்சம் இருந்தது. கடையில் வாங்கியவருக்கு அறிவித்தல் கிடைக்கும். பயணப்பையில் வந்த பேணிக்கு யாரும் அறிவிக்க மாட்டார்கள்.

என் முடிவு இது. உறுதியான ஒவ்வாமைக்கு முற்றாக உடைத்த மாவில் தொடங்குங்கள். கைப்பைத் தாங்காத, சற்றே வளர்ந்த பிள்ளைக்கு அரிசிப் புரத மாவைப் பற்றிக் கேளுங்கள். அமினோ அமில மாவை வைத்தியர் சொன்னால் மட்டும் எடுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் மூன்று முதல் ஐந்து வயதுக்குள் இந்த ஒவ்வாமையைத் தாண்டிவிடுகிறார்கள். அதனால் ஒரு முறை எழுதிய மாவே காலத்துக்கும் என்று இருந்துவிடாமல், பசுப்பாலைத் திரும்பச் சோதிக்கும் நாளை எப்போது வைப்பது என்று ஒவ்வொரு கிளினிக்கிலும் வைத்தியரைக் கேளுங்கள்.