சமயம் அங்காடிப் பண்டமாமோ?

வணிகமே மேலோங்கிய சமுதாயத்திற் சமயக் கூட்டங்கள் எவ்வாறு இயைந்து வாழ்கின்றன என்னும் வினாவிற்கு மேனாட்டுச் சமூகநூலார் சிலர் ஒரு விடை கூறுவர். சமயமும் ஓர் அங்காடியே, கூட்டங்கள் கடைகள், அவற்றைச் சார்வோர் பண்டங் கொள்வோர் என்பது அவ்விடை. அதன் வன்மை மென்மைகள் ஈண்டு ஆராயப்படும்.

இக்கொள்கைக்கு வித்திட்டவர் ஆடம் ஸ்மித். 1776-இல் வெளிவந்த 'நாடுகளின் செல்வம்' என்னும் நூலில் அவர், அரசின் மானியத்தால் வாழும் குருமார் மடிமையுறுவர் என்றும், மக்கள் விரும்பி அளிக்கும் பொருளால் வாழ்வோர் ஊக்கமுடையராவர் என்றும் காட்டினார். பீட்டர் பெர்கர் என்பார் 1967-இல் இதனை விரித்து, அரசின் காப்பு நீங்கிய விடத்துச் சமயங்கள் கொள்வோர் விருப்பத்தை நோக்கித் தம் உபதேசத்தையும் மாற்றிக்கொள்ள நேரும் என்றார். 1992-இல் ரோஜர் பிங்க், ராட்னி ஸ்டார்க் என்னும் இருவர் அமெரிக்க வரலாற்றைச் சான்றாக்கினர். அந்நாட்டிற் சபைகளைச் சார்ந்தோர் 1776-இல் நூற்றுக்கு 17 பேர், 1980-இல் 62 பேர் என்பது அவர்தம் மதிப்பு. மாசசூசெட்ஸ் மாகாணம் 1833-இற் கைவிட்டதோடு சபைகளுக்கு மாகாண அரசுகள் அளித்துவந்த ஆதரவு முற்றும் ஒழிந்தது, போட்டி மிக்கது, சமயமும் வளர்ந்தது. இதனை மறுத்தற்கில்லை.

ஆயினும், அவ்விருவரே பிறிதொன்றுங் கூறினர். மக்கள் விருப்பத்திற்கு நெகிழ்ந்த சபைகள் தேய்ந்தன. கடிய நியமங்களை உடையனவே வளர்ந்தன என்பதாம். முன்னவர் இணங்குதலே வழி என்றார். பின்னவர் இணங்காமையே வழி என்றனர். இணங்கினும் அங்காடியே காரணம், இணங்காவிடினும் அங்காடியே காரணம் எனின், அஃது அதிவியாத்தி என்னுங் குற்றத்தின்பாற் படும். பண்டமாயின் விலை குறைவதையன்றோ கொள்வோர் நாடுவர்? கடுமை உறுதியில்லாரை விலக்கி, நின்றாரது ஊக்கத்தை வளர்க்கும் ஆகலின் அதுவும் அங்காடி முறையே என்பாராயின், அற்றன்று. அது நியமத்தால் விளைந்த பயனைக் கூறிற்றேயன்றி, நியமத்தை மேற்கொண்ட காரணத்தைக் கூறிற்றில்லை. இவ்வேறுபாடு குவேக்கர் வரலாற்றால் இனிது விளங்கும்.

17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜார்ஜ் பாக்ஸ் என்பவரால் தோன்றியது அக்கூட்டம். எப்போதும் மெய்யே பேசுதல் வேண்டும் என்பதனால் அவர்கள் நீதிமன்றத்தும் ஆணையிடார்; கடையில் ஒரு பண்டத்திற்கு ஒரு விலையே கூறுவர். பேரம் பேசுதலே அக்காலத்து அங்காடி வழக்கு. தொப்பி கழற்றி வணங்காமை முதலிய அவர்தம் வழக்கங்களைக் கண்டு மக்கள் முதலில் விலகினர். பின்னர், சிறு குழந்தையை அனுப்பினும் ஏமாற்றார் எனத் தெளிந்து அக்கடைகளையே நாடினர். பாக்ஸ் இதனைத் தம் நாட்குறிப்பிற் குறித்துள்ளார். இங்கே கூட்டம் அங்காடிக்கு இணங்கிற்றன்று. அங்காடியே கூட்டத்தின் நியமத்திற்கு இணங்கிற்று.

ஸ்மித்தின் நூல் வெளிவந்த அதே 1776-இல், பிலடெல்பியாவிற் கூடிய குவேக்கரது ஆண்டுப் பேரவை, அடிமைகளை விடுவிக்க மறுக்கும் உறுப்பினரைக் கூட்டத்தினின்று நீக்குக என விதித்தது. அடிமைகளை உடையார் பொருளுடையார் ஆதல் சொல்லாமே அமையும். பொருளுடைய கொள்வோரைத் தானே புறந்தள்ளும் கடை உலகில் உண்டோ?

இனி, மறுபக்கத்தையும் மறைத்தல் நடுநிலையாகாது. நேர்மை நம்பிக்கையைத் தந்தது; நம்பிக்கை செல்வத்தைத் தந்தது; செல்வம் சோதனையைத் தந்தது. குவேக்கராகிய காட்பரி குடும்பத்தார் கொக்கோ வணிகத்திற் பெரும்பொருள் ஈட்டித் தம் தொழிலாளர் நலனையும் பேணினர். போர்ச்சுகல் ஆட்சிக்குட்பட்ட சான் தோமே தீவில் அடிமை உழைப்பால் அக்கொக்கோ விளைகின்றது என்னுஞ் செய்தி 1901-இல் அவர்க்கு எட்டியது. விசாரணையிலும் வேண்டுகோளிலும் ஆண்டுகள் கழிந்தன. 1909-இலேதான் அத்தீவின் கொக்கோவை வாங்குதலை நிறுத்தினர். தம்மைக் குறைகூறிய 'ஸ்டாண்டர்ட்' இதழின்மீது அவர் தொடுத்த வழக்கு அவ்வாண்டே முடிந்தது. நடுவர் குழுவினர் அவர் பக்கமே தீர்ப்புரைத்தனர். ஆயின் அளித்த இழப்பீடு ஒரு பார்த்திங், அஃதாவது பென்னியிற் காற்பங்கு. வழக்கில் வென்றார், மக்கள் மனத்தில் வென்றாரல்லர். பின்னர் 1962-இல் அந்நிறுவனத்தின் பங்குகள் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. 2010-இல் அது கிராப்ட் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் உடைமையாயிற்று. 1776-இல் ஆளையே விலக்கத் துணிந்த கூட்டத்தில் வந்தோர், பொருளை விலக்குதற்கு எட்டாண்டு தயங்கினர் என்பது எண்ணத்தக்கது.

ஆகவே, வணிக உலகொடு சமயக் கூட்டம் இயைதல் இருவகைத்து. தன் நியமத்தை அங்காடிக்குக் கொண்டுசெல்லுதல் ஒன்று. அங்காடியின் அளவுகோலைத் தன்னகத்துக் கொணர்தல் மற்றொன்று. அங்காடிக் கொள்கையார் பின்னதைக் கண்டு முன்னதைக் காணாராயினர்; ஆதலின் அவருரை குன்றக்கூறல் என்னுங் குற்றமும் உடைத்து. ஒருவிலை வழக்கம் இன்று உலகெங்கும் பரந்துள்ளது. அதனைக் கையாள்வோர் அது மெய்யின் பொருட்டுத் தோன்றியதென அறியார். கனியை ஏற்ற அங்காடி வேரை வேண்டிற்றில்லை. வேரைக் காத்தல் அங்காடியின் கடனன்று, கூட்டத்தின் கடனேயாம். எதனை விற்கலாம் என்பதனினும் எதனை எவ்விலைக்கும் விற்கலாகாது என்று துணிதலே ஒரு சமயக் கூட்டத்தின் உயிர்நிலை என்பது துணிபு.