வளைவில் நிற்கும் தண்ணீர்

கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவின் பழைய கடைவீடுகளுக்குப் பின்னே ஓடும் சந்துகள், வாளியில் மலம் எடுத்த காலத்தின் மிச்சம். அந்த வேலையை ஒழித்ததில் கழிப்பறைக்கு அடியில் ஒளிந்திருக்கும் குழாய் வளைவுக்கும் பங்குண்டு. அது 1775-இல் லண்டன் கடிகாரக்காரர் அலெக்சாண்டர் கம்மிங் காப்புரிமை பெற்றது. வளைவில் இரண்டு அங்குலம்போலத் தண்ணீர் தங்கும். கழிவு போகும், நாற்றம் திரும்பாது. அசையும் பாகமே இல்லை. என்ன சிக்கனம்!

வண்டியையே வீடாக்கி வாழ்பவர்களுக்கு இந்தச் சுகம் கிடையாது. ஓட்டத்தில் தண்ணீர் தளும்பிவிடும். ஆகவே பெரும்பாலும் ஒரு தகட்டு அடைப்பான், அடியில் தொட்டி, நிரம்பினால் தாங்களே கொண்டுபோய்க் கொட்டும் பாடு. நம் வீட்டு மலத்தொட்டிக்கோ கழிவுநீர் நிறுவனமான இண்டா வாட்டரின் லாரி வந்து கசடை உறிஞ்சிப் போகிறது. நெடுநாள் பூட்டிய வீட்டில் வளைவு வற்றி நாறும். ஒரு வாளி ஊற்றினால் சரி.