அன்னபோஸ்ட்

எங்கள் திருச்சுழிப் பக்கம் 'அன்னபோஸ்ட்' என்றொரு சொல் புழங்குகிறது. போட்டியின்றித் தேர்வு என்பதன் ஊர்ப்பெயர். 2019 உள்ளாட்சித் தேர்தல் சமயத்தில் கண்மாய்க் கரையில் ஒரு பெரியவர் சொன்னார்: "போட்டி எதுக்கு தம்பி, ஊரு கூடிப் பேசி முடிச்சாச்சு." அந்த 'ஊரு'க்குள் காலனி சேர்த்தியில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சர்வாதிகார ஆட்சிகளில் தேர்தல் போட்டியை அளப்பது எப்படி? 1968-இல் சிங்கப்பூரின் 58 தொகுதிகளில் 51-இல் எதிர்த்து நிற்க ஆளில்லை. இங்கே வாக்கு வித்தியாசம் எதைச் சொல்லும்? சூசன் ஹைடும் நிக்கோலாய் மரினோவும் 2012-இல் கேள்வியை மாற்றினார்கள்: ஆள்பவர் தோற்கக்கூடிய தேர்தல் எது? எதிர்ப்புக்கு அனுமதி உண்டா, ஒன்றுக்கு மேற்பட்ட கட்சிகள் சட்டப்படி உண்டா, வாக்குச்சீட்டில் தெரிவு உண்டா என்று மூன்றே சோதனைகள். நேர்மையான அளவுகோல்தான். ஊகத்துக்கு இடம் வைக்கவில்லை.

நாடுகளுக்கென்று செய்ததை ஊராட்சியில் வைத்துப் பார்ப்பது அநியாயம் எனலாம். ஆனால் அளவுகோலின் குருட்டுப் பகுதி ஊரில்தான் தெரிகிறது. விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்காச்சியேந்தலிலும், மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்திலும் தலைவர் பதவி 1996-இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. 2006 அக்டோபர் வரை நிலையான தலைவர் இல்லை. மனு விழாது, விழுந்தால், ஊர் பார்த்து நிறுத்திய ஆள் ஜெயித்த கையோடு ராஜினாமா எழுதிக் கொடுப்பார். மனுவே விழாத தேர்தலை அளவுகோல் பிடித்துவிடும். இரண்டு தலித்துகள் நின்று ஒருவர் ஜெயித்து விலகிய தேர்தல்? அதற்குத் தேர்ச்சி!

சிக்கல் இதுதான். ஆள்பவன் வாக்குச்சீட்டில் இருப்பான், அவன் தோற்பதைக் கண்ணால் பார்க்கலாம் என்று இந்த ஆய்வு நம்புகிறது. இங்கே ஆள்பவன் சீட்டிலேயே இல்லை. சாவடித் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான். நிற்காதவனை எப்படித் தோற்கடிப்பது? 1977-இல் அருப்புக்கோட்டையில் ஜெயித்து எம்.ஜி.ஆர். முதல்வரானார், கோட்டையில் ஆள் மாறியது. திண்ணையில் மாறவில்லை.

மேலவளவில் ஜெயித்த முருகேசன் விலகவில்லை. 1997 ஜூன் 30 அன்று அவரும் உடனிருந்த ஐவரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்தப் போட்டி முடிந்தது வாக்கு எண்ணிய அன்றா, ஜூன் 30 அன்றா? எந்த நாளோடு கணக்கை மூடுவது என்று நம் ஆய்வாளர்கள் சொல்லட்டும்.

அரசுக்கோ போட்டி இல்லாததே ஒற்றுமை. குஜராத்தில் 2001 முதல் 'சமரஸ்' என்று பெயரிட்டு, போட்டியில்லாத ஊராட்சிகளுக்குப் பரிசுப் பணமே தந்தார்கள். (நம்மூரில் பதவியை ஏலம் விட்டுக் கோயிலுக்குப் பணம் கட்ட வைக்கும் ஊர்கள் அந்தச் சிரமத்தையும் அரசுக்கு வைப்பதில்லை.)

பெரியவரிடம் பேசிய அன்றே காலனிக்கும் போனேன். நூறுநாள் வேலை முடிந்து வந்த ஓர் அக்காவிடம், "நீங்க நின்னா என்னக்கா செய்வாக?" என்றேன்.

"ஒண்ணும் செய்ய மாட்டாக தம்பி. மறுநா காட்டு வேலைக்குக் கூப்பிட மாட்டாக. அம்புட்டுதான்."