கூட்டுத்தொகைக்கு ஒரு பொத்தான்

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் இருக்கிறது கொல்லயில் என்ற ஊர். அங்கே ஒரு பால் சங்கம் தன் கணக்கை எக்செலில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். காலை, மாலை என ஒவ்வொருவர் ஊற்றும் பாலுக்கும் ஒரு வரி. "மாதம் 300 லிட்டரோ அதற்கு மேலோ ஊற்றியவர் யார்?" என்று கேட்டால் எந்த வரியிலும் விடை இல்லை, கூட்டினால்தான் தெரியும்.

எக்செல் 2010-இல் வந்த ஸ்லைசர் அழகான பொத்தான் வரிசை. வார்டைத் தட்டினால் அந்த வார்டு மட்டும், மாதத்தைத் தட்டினால் அந்த மாதம் மட்டும். ஆனால் பிவட் டேபிள் கூட்டித் தரும் தொகைக்கு ஸ்லைசர் வைக்க முடியாது. மூலப் பட்டியலில் ஒரு நிரலாக இருந்தால்தான் அது பொத்தானாகும்.

ஆகவே பட்டியலிலேயே புது நிரல் ஒன்று வேண்டும். உறுப்பினர், மாதம் இரண்டையும் பார்த்து சம்இஃப்ஸ் (SUMIFS) சூத்திரம் கூட்டும். இஃப் (IF) சூத்திரம் அந்தத் தொகையை ‘300-க்குக் கீழ்’, ‘300-உம் மேலும்’ என்று பிரிக்கும். பிவட்டைப் புதுப்பித்து அந்த நிரலுக்கு ஸ்லைசர் வைத்தால் வேலை முடிந்தது.

பொத்தானைவிட ரசிக்க வேண்டியது அந்த நிரலைத்தான். சங்கச் செயலாளர் எல்லையை 400 ஆக்க நினைக்கும் நாளில்தான் அதைத் தேடிப் போவார்.