போர்பன் பிஸ்கட்டை ரசிப்பது எப்படி?

சாக்லேட் பிஸ்கட்டின் சுவையை ஆழமாக அறிய விரும்புபவருக்கு ஏலமலையை விடப் பொருத்தமான இடம் அரிது. குமுளிக்கு வடக்கே, இடுக்கி மாவட்டத்தில் உள்ள சக்குபள்ளம் போன்ற ஊர்களில் அச்சுவையின் மூலமான கொக்கோ மரம் தோட்டத்திலும், அதன் முடிவான போர்பன் பிஸ்கட் பெட்டிக்கடையிலும் கிடைக்கின்றன. கொக்கோக் காயை உடைத்து, விதையைச் சுற்றியுள்ள புளிப்பும் இனிப்புமான வெண்சதையைச் சப்பிவிட்டு விதையைத் துப்புவது அங்குள்ள பிள்ளைகளுக்குப் பழகிய இன்பம். துப்பிய விதைக்கும் சம்பள நாளில் வீட்டுக்கு வரும் கருநிறப் பிஸ்கட்டுக்கும் உள்ள உறவை உணர்வதே இந்த ரசனையின் முதல் படி.

போர்பன் பிஸ்கட்டின் பிறப்பிடம் லண்டன். அங்குப் பெர்மண்ட்சியில் இயங்கிய பீக் ஃப்ரீன் நிறுவனம் 1910இல் இதைக் 'கிரியோலா' என்ற பெயரில் வெளியிட்டு, பின்னர் ஐரோப்பிய அரச குலமொன்றின் பெயரைச் சூட்டியது. கல்கத்தாவில் 1892இல் வேர்கொண்ட பிரிட்டானியா பிஸ்கட் நிறுவனத்தின் பெரும்பங்கை 1924இல் பீக் ஃப்ரீன் வாங்கியது. பிரிட்டானியாவின் போர்பன் 1955இல் இந்தியக் கடைகளுக்கு வந்தது.

பிஸ்கட்டின் சுவைக்கு மூலமான கொக்கோ, கேரளத் தோட்டங்களில் 1970களில் விரிவாகப் பரவிய பயிர். 1980களின் தொடக்கத்தில் விலை சரிந்ததும் பலர் மரங்களை வெட்டினர், பொறுத்திருந்தவர்களின் தோட்டங்களில் அது நிலைத்தது. பச்சை விதையைக் கடித்தால் சாக்லேட் மணம் சிறிதும் இராது, கசப்பும் துவர்ப்புமே மிஞ்சும். விதைகளைச் சதையோடு குவித்து மூடி ஏறத்தாழ ஆறு நாள் புளிக்க வைக்கும்போது நுண்ணுயிர்கள் சதையின் சர்க்கரையை உண்டு குவியலைச் சூடேற்ற, அச்சூட்டில் விதைக்குள் மணத்தின் மூலக்கூறுகள் உருவாகின்றன. பின்னர் காய வைத்து வறுக்கும்போதே அவை நாம் அறிந்த மணமாக மலர்கின்றன. வறுத்த விதையை அரைத்து, கொழுப்பைப் பிழிந்தெடுத்தபின் எஞ்சும் பிண்ணாக்கைப் பொடித்தால் கிடைப்பது கொக்கோத் தூள். பிஸ்கட்டுக்குக் கருநிறத்தையும் மெல்லிய கசப்பையும் தருவது இத்தூளே.

உண்பதற்கு முன் பிஸ்கட்டைக் கண்ணால் பார்ப்பது நல்லது. மேற்பரப்பில் உள்ள துளைகள் அழகுக்கானவை அல்ல. அடுப்பில் மாவிலிருந்து எழும் நீராவி அவற்றின் வழியே வெளியேறுவதால்தான் பிஸ்கட் உப்பாமல் தட்டையாக வேகிறது. மேலே தூவிய சர்க்கரைப் பரல்கள் முதலில் நாவைத் தொட, அடுத்து மாவின் கசப்பும், கடைசியில் நடுவிலுள்ள கிரீமும் வருகின்றன. பிள்ளைகள் இரு தகடுகளையும் பிரித்துக் கிரீமை முதலில் நக்குவதைப் பெரியவர்கள் கண்டிப்பது தேவையற்றது. ஒவ்வொரு பாகத்தையும் தனியே அறிய அதைவிட நல்ல வழி இல்லை. மெல்லும்போது வாயை மூடி மூச்சை மூக்கு வழியே மெல்ல விட்டால், வாயிலிருந்து தொண்டையின் பின்வழியாக மூக்கை அடையும் மணம், அதாவது பின்வழி மணம், கொக்கோவைத் தெளிவாகக் காட்டும்.

பழைய சுவை இப்போது இல்லை என்ற ஏக்கத்தைப் பலரும் வெளியிடுவர். அதற்குப் பிஸ்கட் மட்டுமே காரணமல்ல. சிறுவர்கள் பெரியவர்களைவிட மிகுந்த இனிப்பை விரும்புகின்றனர், வளர்ந்தபின் அந்த விருப்பம் குறைந்துவிடுகிறது. சிறுவயதுப் பசியும் இன்று இல்லை. ஆகவே சாப்பாட்டுக்குப் பின் கொறிக்காமல், மாலையில் வயிறு காலியாக இருக்கும்போது, ஒன்றை மட்டும் எடுத்து, பாலில்லாத, சர்க்கரை குறைத்த கட்டன் சாயாவுடன் உண்பது சிறந்தது. பால் தேநீரில் உள்ள பால் கொக்கோவின் கசப்பை மறைத்துவிடும். சாயாவில் தோய்ப்பவர் இரண்டு நொடிக்கு மேல் தோய்க்கலாகாது, கிரீம் இளகித் தகடு கழன்று விழும்.

இடுக்கியின் பருவமழை மாதங்களில் பிரித்த பொட்டலம் ஒரே இரவில் நமத்துவிடும் என்பதால், முன்பு வீடுகளில் இறுக மூடிய தகர டப்பாவில் பிஸ்கட்டை வைத்தனர். இன்றும் அதுவே சரியான முறை. நமத்துப்போன போர்பனில் மொறுமொறுப்போடு மணமும் பாதி போய்விடும்.